எண்ணிம உயிலின் இலக்கணம்

ஒருவர் உயிரோடிருக்கும்வரை அவருடைய ஒவ்வொரு தேடலையும் குறித்துவைக்கும் நிறுவனங்கள், அவர் இறந்த செய்தியைத் தாமாக அறிவதில்லை என்பதால், அதற்கான ஏற்பாட்டையும் அவரே உயிரோடிருக்கும்போது செய்துவைக்க வேண்டியிருக்கிறது. கூகுள் 2013இல் கொண்டுவந்த ‘செயலற்ற கணக்கு மேலாளர்’, அதாவது கணக்கு நெடுநாள் அசைவற்றுக் கிடந்தால் குறிப்பிட்ட நபர்களிடம் தரவுகளை ஒப்படைக்கும் வசதி, 3 மாதம் முதல் 18 மாதம் வரை காத்திருக்கிறது. நீண்ட கெடுவைத் தேர்ந்தவரின் வீட்டில் தலைத்திவசமே முடிந்துவிட்டாலும், அது பொறுமை இழக்காமல், கெடு முடியுமுன் அவருடைய கைப்பேசிக்கே குறுஞ்செய்தி அனுப்பி நலம் விசாரிக்கிறது.

முகநூல் 2015இல் அறிமுகப்படுத்திய ‘மரபுத் தொடர்பாளர்’, அதாவது நினைவுப் பக்கமாகிவிட்ட கணக்கைப் பராமரிக்க நியமிக்கப்படும் வாரிசு, இறந்தவரின் சார்பில் புதிய நட்பு வேண்டுகோள்களை ஏற்கலாம் என்றாலும் பழைய அந்தரங்கச் செய்திகளைப் படிக்க இயலாது. ஆன்மா சாந்தியடைவதற்கு இதனினும் சிறந்த பரிகாரத்தை எந்தச் சாத்திரமும் விதித்ததாகத் தெரியவில்லை.

ஆப்பிள் 2021இல் தொடங்கிய ஏற்பாடோ அணுகல் திறவுகோலோடு இறப்புச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டு ஒளிப்படங்களைத் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய பாடல்களையும் திரைப்படங்களையும் தருவதில்லை. அவை விற்கப்பட்ட பொருள்கள் அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதை வாங்கியவர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் படிக்காத பகுதியே வாரிசுகளுக்கு முழுமையாகச் சேர்கிறது.