பெயரிலாப் புட்டியின் பெயர்ச்சி: மறுவிற்பனை அறம் குறித்து ஓர் ஆய்வு

ஓரிடத்தில் மட்டுமே விற்கப்பட வேண்டிய பீர் இன்னோரிடத்துக் கடையில் விற்கப்படுமாயின் பாவம் யாருக்கு, எவ்வளவு, அதைக் கணக்கிடுவது பாட்டிலுக்கா பெட்டிக்கா என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் இப்பொருள் பற்றிய முன்னாய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே முன்னாய்வாளர்களைப் பாராட்டிவிட்டு மறுக்கும் வழக்கமான இருபது பக்கங்கள் இங்கே மிச்சம். ஆய்வாளர் இந்தப் பீரை ஒரு சொட்டும் அருந்தியதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன். அது குறைபாடு என்பாரும் உளர். நடுநிலை என்பது என் துணிபு.

எடுத்துக்கொண்ட பொருள், பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்ற சிற்றூரில் இருக்கும் புனித சிக்ஸ்டஸ் மடத்துப் பீர். மடம் 1831இல் எழுந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் துறவிகள் பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். டிராப்பிஸ்ட் பிரிவினர். பேச்சைக் குறைத்து, செபத்தையும் உழைப்பையும் பெருக்கி வாழ்கிறவர்கள். பீர் மூன்று வகை: பச்சை மூடி பிளாண்ட், நீல மூடி 8, மஞ்சள் மூடி 12. கடைசி வகையில் ஆல்கஹால் 10.2 சதவீதம். 1945 தொடங்கிப் பல பத்தாண்டுகள் பாட்டிலில் பெயர் ஒட்டும் வழக்கமே இல்லை; சட்டம் கேட்ட விவரம் முழுவதையும் மூடியின் மேலேயே அச்சடித்து முடித்துக்கொண்டார்கள். மூடி போனால் ஆள் அடையாளம் போயிற்று. (இக்குறிப்பை வாசகர் முடிந்து வைத்துக்கொள்க. பின்னர்த் தேவைப்படும்.)

2005இல் ரேட்பீர் என்ற ரசிகர் மதிப்பீட்டுத் தளம் மஞ்சள் மூடியை உலகின் தலைசிறந்த பீர் என்று அறிவித்தது. அடுத்து நடந்ததை ஊகிக்கப் பட்டம் தேவையில்லை: மடத்துச் சாலையில் கார் வரிசை. வேறு எந்த முதலாளியும் இரண்டாம் ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டியிருப்பார். இவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 ஹெக்டோலிட்டரோடு, அதாவது 6 லட்சம் லிட்டரோடு, நிறுத்திக்கொண்டார்கள். துறவியாக வாழக் காசு வேண்டும், அந்த அளவுக்குப் பீர் காய்ச்சினால் போதும் என்பது அவர்கள் பொருளாதாரக் கொள்கை. இக்கொள்கையை விளக்கும் வரைபடம் ஒரு படுக்கைக் கோடு மட்டுமே என்பதால் இங்கே தரப்படவில்லை.

விநியோக முறை இன்னும் சுவையானது. 2019 வரை, வாங்க விரும்புபவர் தொலைபேசியில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள் தொலைபேசி வழியே வணிகம் செய்ததிலுள்ள நயத்தைக் கவனிக்க. பெரும்பாலும் கேட்டது எங்கேஜ்டு ஒலிதான். லைன் கிடைத்தால் கார் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன நாளில், சொன்ன காரில், மடத்து வாசலுக்கே போய்ப் பெட்டியை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதே கார் எண்ணுக்கும் அதே போன் எண்ணுக்கும் 60 நாளைக்கு மறுபடி கிடையாது என்பது அன்றைய விதி. கொடுக்கும் ரசீதில் ‘மறுவிற்பனை கூடாது’ என்ற வேண்டுகோள் அச்சாகியிருக்கும். 2019இல் முன்பதிவு இணையத்துக்கு மாறியது. மறுவிற்பனையாளர்களை வடிகட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

எப்பொருளையும் முதல், கரு, உரி எனப் பகுத்தே ஆராய்வது நம் மரபு. அதன்படி நிலம், பீருக்கு மணமூட்டும் ஹாப் கொடிகள் ஏறும் சமவெளி. பக்கத்துப் போப்பரிங்க ஊர் ஹாப் சாகுபடிக்குப் பேர்போனது. வயல் என்றதும் மருதம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. கருப்பொருளில் தெய்வம் இயேசு, தொழில் பீர் காய்ச்சல், பறைக்குப் பதில் கோயில் மணி. உரிப்பொருளோ ஐயத்துக்கு இடமின்றிக் காத்திருத்தல். ஆகவே ஒழுக்கத்தால் முல்லை. மருத நிலத்தில் முல்லை வந்ததற்குத் திணைமயக்கம் என்று அமைதி கூறுக. அதே பெட்டி மூன்றாம் கைக்குப் போய் எல்லை கடக்கும்போது உரிப்பொருள் பிரிதலாகிறது. அது பாலை. நம் சிக்கல் பாலையில்தான் தொடங்குகிறது.

2018இல் நெதர்லாந்தின் யான் லிண்டர்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம், இடைத்தரகர்கள் வழியாகக் கிடைத்த 300 பெட்டிகளை, அதாவது 7,200 பாட்டில்களை, அலமாரியில் அடுக்கியது. பாட்டில் 9.95 யூரோ. மடத்து வாசலில் அதே பாட்டில் 2 யூரோவுக்கும் சற்றுக் குறைவு. சரக்கு விற்றுத் தீர்ந்தது. துறவிகள் வருந்தினார்கள், தங்கள் பீர் இப்படி விற்கப்படுவது அறத்துக்குப் புறம்பு என்றார்கள்.

இங்கே ஒரு கடா எழும். காசு கொடுத்து வாங்கியபின் பொருள் வாங்கியவனுக்குச் சொந்தம். அவன் குடித்தால் என்ன, விற்றால் என்ன, காலில் கொட்டிக்கொண்டால் என்ன? விடை: சட்டத்தில் இக்கடாவுக்கு வலு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சரக்கு எல்லை தாண்டுவதற்குத் தடையில்லை. துறவிகள் கையில் இருந்தது வாங்கியவர் கொடுத்த வாக்கு மட்டுமே. அந்த வாக்கையும் சூப்பர்மார்க்கெட் கொடுக்கவில்லை, அதற்கு முன்னால் நின்ற யாரோ கொடுத்தார்கள். வாக்கு என்பது பாட்டிலோடு சேர்ந்து கைமாறுமா, மூடியோடு ஒட்டிக்கொண்டு வருமா என்பது அறவியலில் தனி ஆய்வேட்டுக்குரியது. நெறியாளர் கிடைத்தால் செய்யலாம்.

அமெரிக்காவில் இக்கடா எழவே எழாது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் மதுவை மாநிலங்களின் கையில் கொடுத்தது. காய்ச்சுபவர், மொத்த விநியோகஸ்தர், கடைக்காரர் என்று மூன்றடுக்கு. ஒரு மாநிலத்தில் விநியோகஸ்தர் இல்லாத பீரை அங்குள்ள கடை விற்றால் நேராகச் சட்டமீறல். கொலராடோவின் கூர்ஸ் பீர் 1970களின் நடுப்பகுதி வரை மேற்கு மாநிலங்களில் மட்டுமே கிடைத்தது. கிழக்கே இருந்தவர்கள் அதற்காக ஏங்கினார்கள். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே கொலராடோ போனால் வாங்கி வருவார் என்பார்கள். 1977இல் வந்த ‘ஸ்மோக்கி அண்ட் த பாண்டிட்’ படத்தின் கதையே, 400 பெட்டி கூர்ஸை டெக்சார்கானாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 28 மணி நேரத்தில் திருட்டுத்தனமாகக் கொண்டுசேர்ப்பதுதான். இன்று அதே பீர் 50 மாநிலங்களிலும் கிடைக்கிறது. அதைக் கடத்துவதாக ஒரு படம் எடுங்கள், தயாரிப்பாளர் எழுந்து போய்விடுவார்.

கூர்ஸ் தரப்புக்கு ஒரு நியாயமும் இருந்தது. அது பாஸ்சரைஸ் செய்யாத பீர். குளிர் விட்டால் கெடும். வெர்மான்ட்டின் ஹெடி டாப்பர் போன்ற ஹாப் மணம் மிகுந்த பீர்களுக்கும் இதே வாதம் பொருந்தும். மறுவிற்பனைக் கடையின் வெயில்பட்ட அலமாரியில் சில வாரம் இருந்தால் மணம் போய், பெயர் மட்டும் மிஞ்சும். பழி காய்ச்சியவர் தலையில். ஆனால் மஞ்சள் மூடிக்கு இவ்வாதம் உதவாது. அது பாட்டிலுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் முதிர்ந்து நன்றாவது. யான் லிண்டர்ஸின் அலமாரி அதை ஒன்றும் செய்திருக்காது. ஆகத் துறவிகளின் குறை சுவை பற்றியதன்று. வருமானம் பற்றியதும் அன்று, அவர்கள் காசு அவர்களுக்கு வந்துவிட்டது. எஞ்சியது என்ன?

இங்கேதான் என் கருதுகோள். மடம் விற்பது சிரமத்தை. பீர் கொசுறு.

சான்று கேட்பவருக்கு: 1946 முதல் 1992 வரை, அண்டை ஊரான வாட்டூவில் உள்ள சின்ட் பெர்னார்டஸ் ஆலை இம்மடத்தின் உரிமம் பெற்றே பீர் காய்ச்சியது. உரிமம் முடிந்தபின் தன் சொந்தப் பெயரில், அந்த வழிவந்த பீரையே விற்கிறது. அதன் ‘ஆப்ட் 12’ பல நாட்டுக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும். எங்கேஜ்டு ஒலி இல்லை, கார் எண் இல்லை, 60 நாள் இல்லை. அதற்காக நாடு விட்டு நாடு போய் வரிசையில் நின்றவரை யாராவது கண்டதுண்டா? உடன்பிறப்பு கையெட்டும் தூரத்தில் இருக்க, ஊர் முழுக்க மற்றவனைத் தேடுகிறது. தேடுவது திரவத்தை என்றால் இது விளங்காது.

கருதுகோள் சரியென்றால் சிரமத்தின் விலையையும் கணக்கிடலாம். 9.95இலிருந்து மடத்து விலையைக் கழித்தால் பாட்டிலுக்கு ஏறத்தாழ 8 யூரோ. 7,200 பாட்டிலுக்கு 57,600 யூரோ. ஒரு வருகைக்கு இரண்டு பெட்டி என்று வைத்துக்கொண்டால் 150 கார்ப் பயணம், 150 முறை போன் போட்டுக் காது சுட்டது. இவ்வளவு தவமும் ஒருவர் செய்ய, பலன் இன்னொருவர் அலமாரியில் விலைச்சீட்டோடு நிற்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியலில் வரிசையில் நின்றவனுக்கும், பத்து மணிக்கு வந்து பிளாக்கில் வாங்கி அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. படம் இருவருக்கும் ஒன்று. விசில் ஒன்றல்ல.

இதற்கும் மறுப்பு உண்டு, அதை எளிதில் தள்ள முடியவில்லை. எல்லோராலும் பெல்ஜியம் போக முடியுமா? கார் இல்லாதவர், நடக்க முடியாதவர் என்ன செய்வார்? மடத்து விதி நேரம் உள்ளவனுக்குக் கொடுக்கிறது. கடை காசு உள்ளவனுக்குக் கொடுக்கிறது. எது கூடுதல் நியாயம்? என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: நேரத்தின் பக்கம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்ற ஒன்றில்தான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே ரேஷன். ஓய்வு பெற்ற உள்ளூர்க் கிழவர் ஒருவர் நாள் முழுக்கப் போன் போட்டு வெல்ல வாய்ப்பிருந்த ஒரே போட்டி அது. அதையும் விலைப்பட்டியலாக்குவது கொஞ்சம் அற்பமாகப் படுகிறது.

எனினும் ஆய்வு நேர்மை கருதி, கருதுகோளுக்கு எதிரான தரவையும் மறைக்கலாகாது. கட்டடப் பணிக்குப் பணம் தேவைப்பட்டபோது, 2011இல் துறவிகளே பெல்ஜிய சூப்பர்மார்க்கெட் வழியாக மஞ்சள் மூடியை விற்றார்கள். ஆறு பாட்டில், இரண்டு கோப்பை, 25 யூரோ. 2012 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவிலும் விற்பனை. பெட்டியைச் செங்கல் வடிவில் செய்திருந்தார்கள். குடிப்பவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதில் ஐயமுறக் கூடாதல்லவா? சிரமம் இல்லாமல் பீர் கிடைத்த அந்நாட்களைப் புறனடை என்க.

களப்பணி: சென்னையில் நண்பர் வீட்டு ஜன்னலில் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மணிபிளான்ட் வளர்கிறது. அவருடைய மைத்துனர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்ததாம். வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 என்றார். ஒட்டுத்தாள் இல்லை. மூடி எங்கே என்றேன்; திறந்த அன்றே குப்பையில் போயிற்றாம். 8ஆக இருந்தால்கூட இனி நிறுவ வழியில்லை. சரி, மைத்துனர் மடத்து வாசலில் வாங்கினாரா, கடையில் வாங்கினாரா என்று கேட்டேன். நண்பர் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கி, டிராப்பிஸ்ட் மரபுப்படி வாய் திறக்கவில்லை.