குளத்துக்கு மூளை வைப்பவர்

பகலில் இவர் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறார். சம்பளம் அதற்குத்தான். ஆனால் முருங்கன் சந்தியில் பிடித்து "என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள், அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். காற்சட்டைப் பையிலிருந்து நீலப் பலகை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி.

"நிரலுக்கு 32 கிலோபைட், நினைவகம் 2 கிலோபைட். அவ்வளவும்தான்!"

வேலைநேரத்தில் ஒரு பொத்தானைத் திரையில் காட்ட மெகாபைட்டுகளை அள்ளி இறைக்கிறவர், இரவில் 20 பைட் மிச்சம் பிடிக்க, எல்லை வேலிக்குச் சண்டை பிடிக்கும் காணிக்காரர் மாதிரி நிற்பார்.

வீட்டில் ரிமோட் முதல் வொஷிங் மெஷின் வரை உள்ளே என்ன சிப் என்று பார்த்தாயிற்று.

"வேலை செய்யிற சாமானை ஏன் தம்பி கழட்டுறாய்?" என்று தாய் கேட்டால், "பழுதானதைக் கழட்டி என்னத்தையம்மா பார்க்கிறது?" என்பார். மன்னார்த் தீவில் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் சுழல்வதைச் சனம் அண்ணாந்து பார்க்கும். இவருக்கோ இறக்கையைத் திருப்பச் சொல்லும் கொன்ட்ரோலர் எதுவென்ற கவலை.

போன வருசம் கட்டுக்கரைக் குளத்தோரம் கம்பு நட்டு, நீர்மட்டம் அளக்க அந்தப் பலகையோடு மீயொலி சென்சர் ஒன்றைத் தொங்கவிட்டார். ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் சாமான். முதல் நாள் மத்தியானமே தகப்பனிடம் ஓடினார்.

"அப்பா, குளம் அஞ்சு சென்டிமீட்டர் ஏறுது!"

"மழையுமில்லை, தேக்கம் அணைக்கட்டால தண்ணியும் வரேல்லை. எங்கால ஏறும்?"

தகப்பன் துரிசடி அளவுகோலை எட்டிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இரவு குளம் தானே இறங்கியது. காரணம் பிடிபட இவருக்கு ஒரு கிழமை. 20 பாகை செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும், 35 பாகையில் 352. வெயிலில் எதிரொலி சுருக்காகத் திரும்ப, தண்ணீர் கிட்ட வந்துவிட்டதாகப் பலகை நம்பியிருக்கிறது. இரண்டு மீட்டர்த் தூரத்தில் அந்தப் பிழை ஐந்து சென்டிமீட்டர். குளம் ஏறியிருந்தால்கூட மனிதர் இவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டார்!

வெப்பநிலை சென்சரும் பூட்டினார். பிறகு ஒரு நீர்க்காகம் வந்து சோலார் தகட்டின்மேல் குந்தி, தன் பங்களிப்பைச் செய்துவிட்டுப் போனது. பற்றரி இறங்க, அளவும் நின்றது.

இப்போது நீர்க்காகத்தை விரட்டக் குட்டி மோட்டர், தகப்பனின் போனுக்குச் செய்தி அனுப்ப வைஃபை என்று திட்டம் வளர்ந்து, கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஈஎஸ்பி32 பலகை வந்திறங்கியிருக்கிறது. நினைவகம் 520 கிலோபைட். இரண்டு நாளாகப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், முகத்தில் ஒரு களையுமில்லை.

"இவ்வளவு இடம் தந்தால் ஆர்தான் எழுதமாட்டான்?"