கடைசியில் வந்தவருக்கே முதல் பந்தி

கேள்வி: என் மகனும் அவன் நண்பனும் புளோக் கீழ்த்தளத்தில் 'மேஜிக்' சீட்டு விளையாடினார்கள். இருவரிடமும் 'பிளட் ஆர்ட்டிஸ்ட்' சீட்டு, இருவருக்கும் மிச்சம் ஓர் உயிர்ப்புள்ளி. என் மகனின் முறையில்தான் ஓர் உயிரினம் செத்தது. ஆனாலும் நண்பனே ஜெயித்தானாம். அழுகுணி ஆட்டம்தானே?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: இல்லையம்மா, சட்டப்படி நடந்த கொலை! எந்த உயிரினம் செத்தாலும், குறிவைத்தவரிடம் ஒரு புள்ளியைப் பறித்துத் தன் எஜமானுக்குக் கொடுக்கும் சீட்டு அது. ஒரே சாவு இரண்டு சீட்டையும் உசுப்பிவிட்டது. யார் முறையோ அவருடைய விளைவு 'ஸ்டாக்' என்ற அடுக்கில் முதலில் போகும். எதிராளியுடையது அதன்மேல் ஏறும். எடுப்பதோ மேலிருந்து, பரோட்டாக் கடையில் கடைசியாக விழுந்தது முதலில் தட்டுக்கு வருவதுபோல. நண்பனுடையது முந்திக்கொள்ள, உங்கள் பிள்ளை பூஜ்யம். அவனுடைய விளைவுக்கு வேலையே வரவில்லை.

இந்த அடுக்கு முறை 1999இல் ஆறாம் பதிப்போடு வந்தது. அதற்கு முந்தைய விதிகளை விளக்கச் சொல்லி மட்டும் கடிதம் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும். அதே உயிரினம் நண்பனின் முறையில் செத்திருந்தால் ஜெயித்திருப்பவன் உங்கள் மகன். அடுத்த தடவை சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.