பாக், தியாகராஜர், எங்கள் அத்தை

உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொள்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனின் சம்பளத்தைச் சொல்லும் மாமாவின் குரல் நமக்கும் வந்துவிடுகிறது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒருநாள் இந்தப் பேச்சு எழுந்தது. உசிலம்பட்டிக்காரர் ஒருவர், பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்றார். 1973இல் வந்தது, அவர் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அடுத்தவர், மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்று அறிவித்துவிட்டு, மாவடுவைக் கடித்துக்கொண்டு தயிர்சாதத்தைத் தொடர்ந்தார். என் முறை வந்ததும் நான் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பொய் சொல்லவில்லை. எந்த ‘ஹௌ டு நேம் இட்?’ என்பதை மட்டும் சொல்லவில்லை.

நிஜத்தைச் சொன்னால், எண்பதுகளில் சங்கரன்கோவில் பக்கம் வளர்ந்தவனுக்குப் பிடித்த ஆல்பத்தை முடிவு செய்கிற உரிமை அவனுக்குக் கிடையாது. அது மைக்செட்காரரிடம் இருந்தது. பூவரச மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார் என்றால் மூன்று தெருவுக்கு அவர் வைத்ததுதான் ரசனை. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார். அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன். பந்தி முடிந்து ஊரே வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கும் நேரத்தில், ‘விதி’.

பாட்டு அல்ல, வசனம். 1984இல் வந்த அந்தப் படத்தின் வசன கேசட் ஒலிக்காத கல்யாண வீடு எங்கள் பக்கம் இருந்ததாக நினைவில்லை. கதை இதுதான்: கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஒரு பெண்ணை ஏமாற்றிவிடுகிறான் மோகன். அவள் கோர்ட்டுக்குப் போகிறாள். அவளுக்காக சுஜாதா வாதாடுகிறார். எதிர்த்தரப்பில் ஜெய்சங்கர். இதைக் கல்யாண வீட்டில், தாலி கட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகாத மாப்பிள்ளையைப் பந்தலில் உட்கார வைத்துக்கொண்டு, குழாய் ஸ்பீக்கரில் போடுவார்கள். குறுக்கு விசாரணை சூடு பிடிக்கப் பிடிக்க, பெண் வீட்டுக் கிழவிகள் மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர் கழுத்து மாலையைச் சரிசெய்துகொள்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், “வேற ஏதாவது போடுங்களேன்” என்றார். மைக்செட்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தீர்ப்பு வந்துரட்டும் அண்ணாச்சி” என்றார்.

எனக்கு இன்றைக்கும் அந்த வாதம் முன்னும் பின்னும் மனப்பாடம். தயிர்சாதத்துக்கு முன்னால் இதைச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு டேப்ரெக்கார்டர் வந்தது சித்தப்பா தோஹாவுக்குப் போன பிறகுதான். முதல் விடுமுறையில் ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அது வந்ததும் ரசனையின் அதிகாரம் ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சியின் கைக்கு மாறியது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். 90 வாங்காதே, நாடா மெலிசு, சிக்கும் என்பார், அது உண்மைதான். ஆனால் பட்டியலை ஒரு விண்ணப்பமாகத்தான் எடுத்துக்கொள்வார். நாம் கேட்ட சோகப் பாட்டை நீக்கிவிட்டு, “இந்த வயசுல இது எதுக்குலே?” என்று வேறொன்றைச் சேர்த்திருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து நிற்கும். பேட்டரி இறங்கினால் எஸ். ஜானகியின் குரல் மெல்ல ஆண்குரலாகும். பேட்டரியை வெயிலில் காயவைத்தால் மறுபடி பெண்ணாவார்.

இந்தச் சூழ்நிலையில்தான் காசு சேர்த்து ஒரு ஒரிஜினல் கேசட் வாங்கினேன். 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாகுக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய ஆல்பம். பாட்டே கிடையாது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் போகும், மற்ற தந்திகள் கூட்டமாகப் பின்னால் வரும். சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்து அதை வைத்திருந்தவன் நான்தான் என்ற கர்வத்தில் கொஞ்ச நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அப்போதெல்லாம் வளைகுடாவுக்குக் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி, போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். ஒருநாள் சாயங்காலம் கடையநல்லூர்க்காரர் ஒருவர் மறுநாள் விடியலில் தோஹா கிளம்புவதாகத் தகவல் வந்தது. வீட்டில் காலிக் கேசட் இல்லை. அடுத்த தெருவிலிருந்து வந்த அத்தை என் கேசட்டைப் போட்டுக் கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் பாடவில்லை.

“இது காலிதானே” என்றாள்.

ஒரிஜினல் கேசட்டின் முதுகில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். தெரியாமல் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று கம்பெனி செய்துவைத்த பாதுகாப்பு. தெரிந்தே பதிகிறவர்களுக்கு அது ஒரு தடையல்ல. அப்பா ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து ஓட்டையில் செருகினார். நாடாவை முதலுக்குச் சுற்ற வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. அது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ நடுவில் நின்றிருந்தது. பாக் பாதி வீட்டுக்குள் வந்திருந்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“தம்பி, நான் அக்கா பேசுதேன். நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். செவலை கன்னு போட்டிருக்கு. காளைக்கன்னு.”

அப்புறம் புளியங்குடியில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணின் நிறம், உயரம், அவள் அப்பாவின் கிணற்றில் தண்ணீர் கிடக்கும் ஆழம். நடுவில் ஒரு காக்கா. அப்பாவின் இருமல். கடைசியில், “வேற என்ன? வச்சிருதேன்” என்று டெலிபோனில் பேசுவதாக நினைத்து முடித்தாள். மறுபடி ‘டக்’. பேச்சு முடியும்வரை திண்ணையில் காத்திருந்த பாக், விட்ட சுரத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தொடர்ந்தார்.

விடுமுறைக்கு வந்த வேறொருவரிடம் சித்தப்பா அதே கேசட்டைத் திருப்பி அனுப்பினார். பதிலை அடுத்த பக்கத்தில் பதிந்திருந்தார். அங்கேயிருந்த இளையராஜாவும் போனார். குப்பூஸ் பற்றிய புகார், வெயில், கன்றுக்குட்டிக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. ஆல்பத்தின் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் அதைக் கேட்டாரா என்பது தெரியவில்லை. அதன் பிறகு சொன்னது எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டது.

எங்கள் டூ-இன்-ஒன் பழையதைச் சுத்தமாக அழிக்காது. புதிய பேச்சுக்கு அடியில் பழைய சங்கீதம் மெலிசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சித்தப்பா சொன்னார்: “அக்கா பேசும்போது பின்னால வயலின் வாசிச்சது யாரு, நம்ம பயலா? ரூம்ல எல்லாரும் கேட்டாங்க. நல்லாத்தான் வாசிக்கான். படிப்பு படிப்புன்னு அதை நிறுத்திராதீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதுவரை நான் காணாத மதிப்பு இருந்தது. பாதி நொடிதான், அதற்குள் அம்மா விளக்கிவிட்டாள். ஆனால் தோஹாவுக்கு யாரும் விளக்கவில்லை. அடுத்த விடுமுறையில் சித்தப்பா எனக்கு ஒரு கேசியோ கீபோர்டு வாங்கிவந்தார். வயலின் கிடைக்கவில்லையாம். வி.எஸ். நரசிம்மனுக்குச் சேர வேண்டிய பாராட்டு அது. அவர் இதைப் படிக்க நேர்ந்தால் பெரிய மனசுடன் விட்டுவிட வேண்டும்.

பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தில் (1988) அந்த ஆல்பத்தின் இசையைத்தான் பயன்படுத்தினார். தூர்தர்ஷனில் அதைப் போட்டபோது, ஒரு சின்ன வீட்டைக் கட்டி முடிக்க அர்ச்சனா படும் பாட்டைப் பார்த்து எங்கள் ஹாலில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும், செவலை எப்போது கன்று போடும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே ஆல்பம் போனில் இருக்கிறது. சிக்காது, இறங்காது, பென்சில் விட்டுச் சுற்ற வேண்டாம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு முழுசாகக் கேட்கவைத்தேன். வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “நடுவுல நான் பேசினத யாருலே அழிச்சா?”