அப்பாயியின் வரவு செலவுக் கணக்கு

எங்கள் அப்பாயியின் நிறை 42 கிலோ. வயதான பெண்ணின் உடம்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்கிறது தாதியர் பாடப் புத்தகம். மீதிப் பாதி வெற்றிலை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பரீட்சையில் எழுத முடியாது.

விரிவுரை இங்கிலிஷில், விளக்கம் சிங்களத்தில், அழுகை மட்டும் தமிழில் என்று ஹொஸ்டலில் காலத்தை ஓட்டிவிட்டு, படிப்பு லீவுக்கு ஹற்றன் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தேன். கையில் பத்தோபிசியோலொஜி. லயத்துக் காம்பராவில் படிப்பதில் ஒரு வசதி உண்டு. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நாடகம் ஒரு வசனம் விடாமல் சுவர் வழியாக வந்து சேரும். நான் சோடியம் 135 முதல் 145 வரை என்று முணுமுணுக்க, அங்கே மாமியார்க்காரி ஒருத்தியை "வெளிய போடி" என்று விரட்டி, இன்னொருத்தியை "உள்ள வாம்மா" என்று கூப்பிடுவாள். சோடியம் கலத்துக்கு வெளியே, பொற்றாசியம் உள்ளே என்பது எனக்கு மறக்காமல் போனதற்கு அந்த மாமியார்தான் காரணம். பொற்றாசியத்தில் 98 சதவீதம் உள்ளேயே இருக்கும். இரத்தத்தில் திரியும் மிச்சம் 3.5க்குக் கீழே இறங்கினாலும் 5ஐத் தாண்டி ஏறினாலும் இருதயம் தாளம் தப்பத் தொடங்கலாம்.

திரவச் சமநிலை அட்டவணை எழுதிப் பழக ஒரு நோயாளி வேண்டியிருந்தது. அப்பாயி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். கணக்கு என்னவோ சுலபம்தான்: ஒரு பக்கம் உள்ளே போனது, மறுபக்கம் வெளியே வந்தது, எல்லாம் மில்லிலீற்றரில், கடைசியில் ஒரு கழித்தல். காலை பிளேன்டியிலேயே தகராறு. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, நசுங்கிய செம்பில் உறிஞ்சிக் குடிப்பவரிடம் எத்தனை மில்லி என்று எப்படிக் கேட்பது? மருந்துப் போத்தல் மூடியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் செம்பை அளந்தேன். விளிம்பு வரை 240. அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பூனைக்கு ஊற்றினார்.

வெளியே வரும் பக்கம் இன்னும் மோசம். "எத்தன தரம் போனீங்க அப்பாயி?" என்றதற்கு, "பொட்டப்புள்ளய படிக்க வச்சது இதக் கேக்கத்தானாடா?" என்று அப்பாவைக் கூப்பிட்டார். சரி, வெற்றிலை எச்சில்? விடிந்ததிலிருந்து வாசலில் துப்பியதைச் சேர்த்தால் ஒரு செம்பு தேறும். புத்தகத்தில் வாந்திக்கும் வடிகுழாய்க்கும் கட்டம் இருக்கிறது. தோலாலும் மூச்சாலும் நமக்குத் தெரியாமலே நாளொன்றுக்குச் சுமார் 800 மில்லி போவதைக்கூட மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊருக்கே தெரியத் துப்புவதற்குத்தான் இடமில்லை.

இத்தனைக்கும் வெற்றிலை பாடத்துக்கு அந்நியமானதல்ல. சுண்ணாம்பை அள்ளிப் பூசி மென்று, இரத்தத்தில் கல்சியம் ஏறி, கூடவே இரத்தம் காரப் பக்கம் சாயும் அல்கலோசிஸ் வந்து, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். "சுண்ணாம்பு கூடினா வாயி வேகும். அதுக்கு எதுக்கு புக்கு?" என்றார்.

அமில கார சமநிலை என்பது அடுத்த கண்டம். இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா டவுனில் வேன் நிறுத்தக் கிடைக்கும் இடம்கூட இதைவிடத் தாராளம். பிஎச் நகர்ந்தால் காபனீரொட்சைட்டைப் பார், 35 முதல் 45. இருகாபனேற்றைப் பார், 22 முதல் 26. குற்றவாளி எது என்று பிடிக்க இங்கிலிஷ்காரர்கள் 'ரோம்' என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ரோமாபுரி எனக்குத் தூரம். நான் கட்டிக்கொண்டது இது: மூச்சு முறைக்கும், மற்றது ஒத்துப்போகும். சுவாசத்தால் வந்த கோளாறென்றால் பிஎச்சும் காபனீரொட்சைட்டும் எதிரெதிரே ஓடும். அனுசேபத்தால் வந்ததென்றால் பிஎச்சும் இருகாபனேற்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

காரணங்களை மனதில் நிறுத்தக் கினிகத்தேனை வளைவுகள் உதவின. கொழும்பு பஸ்ஸில் ஜன்னலோரத்து அண்ணன் சொப்பிங் பேக்கை விரித்தாரென்றால் வயிற்று அமிலம் வெளியே போகிறது. அது ஓயாமல் போனால் மிஞ்சுவது அல்கலோசிஸ். வயிற்றால் போனால் குடலின் இருகாபனேற்று போய் அசிடோசிஸ். மேலால போனா அமிலம், கீழால போனா காரம். ஹொஸ்டலில் சிங்களத் தோழிகளும் இதைத் தமிழிலேயே மனப்பாடம் செய்தார்கள்.

மாரியம்மன் திருவிழாவில் பெரியம்மாவுக்கு அருள் வரும்போது விரல்கள் ஒன்றாய்க் குவிந்து உள்ளே மடங்கி விறைக்கும். வேகமூச்சில் காபனீரொட்சைட்டு குறைந்து, இரத்தம் காரப் பக்கம் சாய்ந்து, கல்சியம் அயன்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் தசை அப்படித்தான் இழுக்கும். 19ஆம் நூற்றாண்டில் திரூசோ என்ற பிரெஞ்சு வைத்தியர் வர்ணித்த அதே கை. பெரியம்மாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையில் வேப்பிலை இருந்தது.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட் பற்றிப் படித்த இரவு அப்பாயி விழித்திருந்தார். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்த நம் ஆட்கள் வழிநெடுகக் கொலராவில் விழுந்த கதை அவருக்குப் பாட்டன் சொல்லித் தெரியும். 1832இலேயே ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா என்ற வைத்தியர் உப்புநீரை நாளத்தில் ஏற்றிக் கொலரா நோயாளிகளை எழுப்பிக் காட்டியிருந்தார். அடுத்த வருஷம் அவர் செத்துப்போக, வைத்தியமும் கிடப்பில் போனது. சீனி கூட இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். 1971இல் பங்களாதேஷ் அகதிகளுக்குத் திலீப் மஹலனாபிஸ் என்ற டொக்டர் அதைக் கலக்கிக் குடிக்கவே கொடுத்து, சாவைப் பெரிதும் குறைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பாயி, "உப்பும் சீனியும் தண்ணியும்தானா? வேறொண்ணும் இல்லயா?" என்றார். கொஞ்சம் பொற்றாசியமும் சித்திரேற்றும் உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. சிறுநீர் மணிக்கு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு, 0.5 மில்லிக்குக் குறைந்தால் டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் அம்மா காலையில் பெரட்டுக்குப் போனால் மத்தியானம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். மலையில் கக்கூஸ் இல்லை. அவருடைய பிட்யூட்டரி ஏடிஎச்சைச் சுரந்து சுரந்து தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, ஓவர்டைம் காசு இல்லாமல். அரைநாள் அட்டவணையில் அவருக்கு நேரே உள்ளே பூச்சியம், வெளியே பூச்சியம். அட்டவணைப்படி பூரண சமநிலை.

வார்டில் தினமும் காலையில் நோயாளியை நிறுப்பது ஏன் என்று அவருக்கு விளக்கினேன். திடீரென்று ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் ஒரு லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அம்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். மழை நாளில் கொழுந்தைத் தராசில் மாட்டியதும், ஈரம் என்று சொல்லிக் கிலோக்களைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் அந்தக் கழிவால் இலக்கு தப்பினால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

"ஒரு கிலோன்னா ஒரு லீட்டரு, அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"வெள்ளிக்கிழம மூணு கிலோ கழிச்சாங்க. அந்த மூணு லீட்டர நா குடிக்கவுமில்ல, கழிக்கவுமில்ல. அவங்கதான் கழிச்சாங்க. ஒன் அட்டவணையில அது எந்தப் பக்கம் வரும்?"

'வேறு' என்றொரு கட்டம் ஓரத்தில் இருந்தது. அதில் 3000 என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் பக்கத்தைப் புரட்டினேன்.