பனிக்காலத் தோட்டக்கலையில் பனியனின் பங்கு: திருமுருகன்பூண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

மார்கழி பிறந்ததும் வீட்டுத்தோட்டக்காரரைப் பிடிக்கும் கவலை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று வாசகர் கேட்கக்கூடும். எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவருக்கும் புரியாதபடி எழுதினால் அது ஆய்வாகும் என்பதை இத்துறைப் பெரியோர் பலர் எழுதியே காட்டியிருக்கிறார்கள். நாமும் அவர்கள் அடியொற்றி நடக்கிறோம்.

முதலில் முன்னோர் ஆய்வுகள். அமெரிக்க வேளாண் துறை அந்நாட்டை 13 குளிர் மண்டலங்களாகப் பிரித்து, 2023-இல் வரைபடத்தைப் புதுப்பித்தது. ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரிதான் அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டுக்கு ஏழு வேளாண் காலநிலை மண்டலங்கள். பூண்டி மேற்கு மண்டலத்தில் வரும். நம் முன்னோருக்கு இத்தனை மண்டலம் தேவைப்படவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். ஆழ்ந்து நோக்கினால் இது பழமொழியன்று, மண்டல வரைபடம் என்பது புலனாகும். தரையில் செடி வைத்தவர் தையில் அஞ்சவேண்டும். மொட்டை மாடியில் வைத்தவர் மாசியில் அஞ்சவேண்டும். மாடிப்படியில் தொட்டி வைத்தவர் எப்போது அஞ்சுவது என்பதில் உரையாசிரியர்கள் வாய் திறக்கவில்லை. லைன் வீட்டில் குடியிருப்பவருக்குப் படியை விட்டால் தொட்டி வைக்க இடம் ஏது என்று அவர்கள் யோசித்திருக்கலாம்.

தொல்காப்பியர் முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்ததை வைத்துக்கொண்டு, தக்காளி இலைக்கருகலை அவர் அன்றே அறிந்திருந்தார் என்று நிறுவப் புறப்படுவோரும் உண்டு. தக்காளி தென்னமெரிக்கச் செடி, கொலம்பஸ் காலத்துக்குப் பிறகே கடல் தாண்டியது என்று எடுத்துச் சொன்னால் அவர்கள் அசருவதில்லை. தக்காளியை இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கு இது தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

இனி மண்டல ஆய்வு.

உதகை: இங்கு விழுவது உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவு கழிந்து விடிந்தால் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மென்செடிகளை மூடிவைப்பதும், விடிந்ததும் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பதும் வழக்கம்.

சென்னை: பனிக்காலம் கிடையாது. ஸ்வெட்டர் உண்டு.

டொராண்டோ: இம்மண்டலத்துத் தமிழர் தோட்டம் பெரும்பாலும் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை. ஐப்பசிக்கு முன்பே அது வீட்டுக்குள் குடிபுகும். வெயில் விழும் சன்னலும் ஹீட்டரின் கதகதப்பும் அதற்கு. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு ஹால் சோபா. அப்படியிருந்தும் அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். வருகிறவர்கள் சித்தப்பாவுக்கு முன் செடியை நலம் விசாரிப்பார்கள். ரசத்துக்கு ஒரே ஒரு ஈர்க்கு என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் மறுமுறை அழைக்கப்படுவதில்லை.

யாழ்ப்பாணம்: தனிநூலாக எழுத வேண்டிய பொருள். எழுதப்போவதில்லை.

இனிப் பூண்டி. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில், கல்லில் தெய்வம் செதுக்கும் சிற்பக்கூடங்களும் பனியன் கம்பெனிகளும் அடுத்தடுத்து நிற்கும் ஊர். இவ்வூருக்கும் துணிக்கும் உள்ள உறவு பனியனுக்கு முந்தியது. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரர் இங்கே வழிப்பறிக்கு ஆளானார். பறித்தவை வேடர் உருவில் வந்த சிவபூதங்கள் என்பது வரலாறு. அவர் பாடிய பதிகத்தை ஊன்றிப் படித்தால், பொன்னைவிடத் துணி பறிபோவதைப் பற்றிய முறையீடே காதில் விழுகிறது: இவ்வூர் வேடுவர் வழிப்போக்கரைக் குத்தி, உடுத்த கூறையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள், இப்படிப்பட்ட இடத்தில் நீர் ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். மனிதர் துணியை உரிந்த ஊர் இன்று செடிக்குத் துணி உடுத்துகிறது என்ற வரலாற்றுத் திருப்பத்தை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாதது வியப்பு. (எதிர்வீட்டு அக்கா, வாய்மொழி.)

பூண்டியில் உறைபனி இல்லை. மார்கழி, தையில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பனித்துளி உண்டு. அதைவிடக் கொடியதாக ஒன்றரை ஷிப்ட் உண்டு. காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுந்து, வீடு வந்து, செல்போன் வெளிச்சத்தில் செடிக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றுகிறார். அந்த ஈரமும் பனி ஈரமும் சேர்ந்து விடியவிடிய இலையில் நிற்கின்றன. பூசணி, பீர்க்கனில் அடிச்சாம்பல் நோயும் தக்காளியில் இலைக்கருகலும் வர இதைவிட வசதி வேண்டியதில்லை. முருங்கை இந்நாட்களில் பூவைக் கொட்டும், மல்லிகை அரும்பு கட்ட மறுக்கும். அவரை மட்டும் பகல் குறுகியதைக் கண்டு குஷியாகப் பூத்து, அதே வேகத்தில் அசுவினியையும் வரவழைத்துக்கொள்ளும்.

இதற்கு மாற்றாக இவ்வூர் கண்டதே பனியன். முதலில் வழி காட்டியது எதிர்வீட்டு அக்காவின் கத்தரிச்செடி. ஒருநாள் இரவு அது கருநீல ரவுண்டு நெக் அணிந்து நின்றது. மார்பில் ஏதோ ஐரோப்பியக் கடற்கரையின் பெயர். கழுத்து ரிப்பின் வழியே கொழுந்து எட்டிப் பார்த்தது. இடக்கைப் பகுதியில் தையல் விட்டிருந்தது. செக்கிங்கில் கழித்த பீஸ் என்பது தெளிவு. ஐரோப்பாவின் கோடைக்காகத் தைத்த ஆடை பூண்டியின் பனிக்கு ஆடையாயிற்று. காரணம் கேட்டபோது, “பனி தலையில எறங்கக் கூடாதுங்க கண்ணு” என்றார். (எதிர்வீட்டு அக்கா, துணிக்கொடி அருகே ஆற்றிய உரை, இரண்டாம் பகுதி, முதல் பகுதி மிக்ஸி சத்தத்தில் அழிந்துபட்டது.)

இதிலிருந்து பிறந்த கொள்கைகள் பல. வட்டக்கழுத்து மரபினர், கொழுந்து வெளியே வர வழி வேண்டும் என்பர். காலர் மரபினர், தக்காளிக்கு மட்டுமாவது போலோ தகும் என்பர். பட்டன் போடுவதா வேண்டாமா என்பதில் அவர்களே இரண்டாகப் பிரிந்தனர். கைப்பகுதிக்குள் கிளையை நுழைக்கலாம் என்ற தீவிரவாதப் பிரிவும் சிலகாலம் இருந்தது. மிளகாய்க் கிளை ஒன்று முறிந்தபின் அது கலைந்தது. அளவு குறித்த வழக்கு இன்னும் தீரவில்லை. கத்தரி மீடியத்தில் தொடங்கி மாசிக்குள் எக்ஸ்எல்லுக்கு வந்துவிடுகிறது. முன்கூட்டியே பெரிதாக எடுக்கவேண்டும் என்பது பள்ளிச் சீருடை வாங்கிய அனுபவமுள்ளோர் வாதம். (எதிர்வீட்டு அக்கா, ‘வளர்ற புள்ளைக்கு’, திருத்திய பதிப்பு, கைப்பிடிச்சுவர் வெளியீடு, மாமியாரின் மறுப்புரையும், மறுப்புரைக்கு மறுப்பும், தண்ணீர் லாரி வந்ததால் முற்றுப்பெறாத பின்னிணைப்பும் கொண்டது, கிடைத்திருக்கும் ஒரே பிரதியின் பின்பக்கத்தில் பால் கணக்கு.)

இதை அறிஞர் நகைப்பர். ஆனால் நகைத்தவர் ஒருவர் பட்டதை இங்கே சொல்லவேண்டும். வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1814-இல் பனித்துளி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரே எடையுள்ள கம்பளித் துணுக்குகளை இரவில் தோட்டத்தில் வைத்து, பிறகு நிறுத்து, பனி மேலிருந்து பெய்வதில்லை என்று காட்டினார். தெளிந்த இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. அந்நூலிலேயே அவர், மெல்லிய பாயால் செடியை மூடும் தோட்டக்காரர்களைக் கண்டு அரைகுறைப் படிப்பின் திமிரில் தாம் சிரித்ததுண்டு என்று எழுதியிருக்கிறார். பிறகு நான்கு குச்சி நட்டு ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துச் சோதித்தார். கைக்குட்டைக்குக் கீழிருந்த புல் திறந்த புல்லைவிட வெதுவெதுப்பாயிருந்தது. துணி புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயன் குறைவு என்பதையும் கண்டார்.

ஆகவே செடிக்குப் பனியனை மாட்டிவிடுவது சரியன்று. குச்சி நட்டு, இலையில் படாமல் மேலே விரிப்பதே முறை. இதைக் கேட்ட அக்கா, “அதுக்குத்தான் நாலு குச்சி வெட்டி வெச்சிருக்கறனுங்க” என்று காட்டினார். ராயல் சொசைட்டி இதைக் கவனத்தில் கொள்ளுமாக.

எடையையும் சொல்லிவிடுவோம். இங்கிலாந்துத் தோட்டக்காரர் செடி மூட வாங்கும் துணியும் திருப்பூரைப் போல ஜிஎஸ்எம் கணக்கில்தான் விற்கிறது: சதுர மீட்டருக்கு 17 கிராம், கனமாக வேண்டுமென்றால் 30. நம் சிங்கிள் ஜெர்சி 140, 160, 180 என்று போகும். பூண்டிக் கத்தரி அந்த நாட்டு ரோஜாவைவிடப் பல மடங்கு கனமாக உடுத்துகிறது. தேவையோ அதில் கால்வாசிகூட இல்லை. பனி தலையில் இறங்காமல் இருக்க மெல்லிய கட்டிங் வேஸ்ட்டே போதும். திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் காசு கொடுத்து வாங்கிவந்து போர்த்துவது ஆராய்ச்சியன்று, ஆடம்பரம்.

முடிவாகப் பூண்டி வாசகர்களுக்கு. துணியைக் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். ஈரத்துணிக்குள் செடியை வெயிலில் விட்டால் புழுங்கிப்போகும். தண்ணீரை இரவில் இலைமேல் ஊற்றாமல் காலையில் வேரில் ஊற்றுங்கள். மார்கழிக் கோலத்துக்கு அடுத்த வீட்டுப் பூசணிப்பூவைப் பறிப்பவர்கள், அடியில் பிஞ்சு இல்லாத ஆண்பூவாகப் பார்த்துப் பறிக்கவும். அதிலும் இரண்டொன்றை வண்டுக்கு விட்டுவைக்கவும்.