‘முடிதான் கொஞ்சம் இடிக்குது’: ஸ்மட்ஜ் விமர்சனவியலுக்கு ஒரு பாயிரம்

போட்டோவைக் கணினியில் ஏற்றி, அதன்மேல் தூரிகை ஓட்டி, ஆயில் பெயின்டிங் போலாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கலைக்கு நம்மூர் ஸ்டுடியோக்களில் ஸ்மட்ஜ் என்று பெயர். அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா, மறைந்த அப்பாவின் முதலாண்டு நினைவு என எதற்கும் ஆர்டர் வரும். இதை வரையும் முறையைச் சொல்லித்தர ஆளுண்டு. வரைந்த படத்தைப் பார்த்து மற்றவர் என்ன சொல்வார், வரைந்தவர் அதை எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வார் என்பதற்குத்தான் இலக்கணம் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு என்க.

போட்டோவின்மேல் பூசுவது புது வழக்கமன்று. 1839-இல் டாகெரோடைப் என்னும் ஆரம்பகாலப் போட்டோ வகை அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அதன் கன்னத்துக்குச் சிவப்பேற்ற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ராஜஸ்தானத்து நாத்துவாராவில், ஸ்ரீநாத்ஜி சன்னதியில் பக்தர் நிற்பதாக வரையும் மனோரத ஓவியங்களில், முகத்துக்கு மட்டும் போட்டோவை வெட்டி ஒட்டிவிட்டு மீதியைத் தூரிகையால் முடித்தவர்கள் உண்டு. முகத்தில் கைவைத்தால் வம்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1990-இல் போட்டோஷாப் வந்தது. மறு ஆண்டு வந்த பெயின்டர் என்னும் மென்பொருளைப் பெயின்ட் டப்பாவிலேயே அடைத்து விற்றார்கள். 2012-இல் போட்டோஷாப் சிஎஸ்6 ஆயில் பெயின்ட் ஃபில்டரைக் கொண்டுவர, ஓவியர் குலத்தின் தலையில் ஒரு கேள்வி விடிந்தது: “இது சும்மா ஃபில்டர்தானே தம்பி?”

இல்லை என்று நிறுவ, வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். கன்னத்தின் நிறத்தை எலும்பு வளையும் போக்கிலேயே இழுக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் மெழுகுப் பொம்மை. முடிக்குத் தனி லேயர். முதலில் கருமை, அதன்மேல் பழுப்பு, வெளிச்சம் படும் இடத்தில் மயிரிழை போன்ற வெளிர்கோடு, நெற்றியோரத்தில் அடங்காத குட்டை முடி. ஒரு தலைக்கு ஒரு ராத்திரி போய்விடும். கண் நல்ல போட்டோவில் தெளிவாகவே இருக்கும். கருவிழியில் ஒரு வெள்ளைப்புள்ளி வைத்து விட்டுவிடுவார்கள்.

காலையில் படம் வாட்ஸப்பில் போகிறது. பதில் வருகிறது: “கண்ணு அப்படியே அப்பாதான்! முடிதான் கொஞ்சம் இடிக்குது.”

இதுவே இத்துறையின் முதல் விதி. பாராட்டு கைபடாத இடத்தில் விழும். குறை கண்விழித்த இடத்தில் விழும். காரணம் என்னையெனின், பார்ப்பவருக்குத் தெரிந்தது ஆள், ஓவியமன்று. ஆள் எங்கே மாறாமல் இருக்கிறாரோ அங்கே அவருக்குத் திருப்தி. ஓவியர் எங்கே ஓவியரானாரோ அங்கே உறுத்தல். துணைக்காரணமும் ஒன்றுண்டு. 12-க்கு 18 அங்குலப் படம், 300 டிபிஐ கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 94 லட்சம் பிக்சல். அதைச் சுருக்கி, உள்ளங்கையகலத் திரையில், பஸ்ஸுக்குள் வெயில் அடிக்கையில் பார்த்துத் தீர்ப்பு வழங்கப்படுகிறது. மேல்முறையீடு கிடையாது.

கருத்துரைப்போரை வகைப்படுத்த நாம் மெனக்கெட வேண்டியதில்லை. நன்னூலார் மாணாக்கரை எட்டாக வகுத்தபோதே இவர்களையும் பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் நிற்காமல் தழை தழையாய்த் தாவும் ஆடுதான், படத்தைத் திறக்காமலே கட்டைவிரல் அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறவர். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, “பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுல இதைவிடக் கம்மிக்குப் போடறானே” என்று தொடங்கிப் பிறகு படத்துக்கு வருபவர். நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரி தனிப்பிறவி. முழு உருவத்தையும் விட்டுவிட்டு, கீழே மூலையில் ‘அன்பு பேரப்பிள்ளைகள்’ என்பதில் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பார். சரியாகத்தான் சொல்வார் என்பது கூடுதல் கொடுமை. நீரை விட்டுப் பாலைக் கொள்ளும் அன்னத்தை இதுவரை எந்த ஸ்டுடியோவும் கண்டதாகத் தெரியவில்லை.

சில கருத்துரைகள் மறுக்க முடியாதவை. “அப்பாவுக்கு இடது கன்னத்துல மச்சம் இருக்குமேப்பா, எங்க போச்சு?” ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிக் கொடுத்தால், தோள்மேல் விழுந்த சீலும் கன்னத்து மச்சமும் ஓவியருக்கு ஒரே அழுக்குதான், இரண்டையும் ஒரே இழுப்பில் துடைத்திருப்பார். அம்மா அந்த மச்சத்தைத்தான் முதலில் தேடியிருப்பார். இங்கே ஓவியர் வாய் திறக்காமல் மச்சத்தை வைத்துவிடுவது அறம்.

“கொஞ்சம் கலர் ஏத்திருங்க” என்பது வேறு சாதி. கேட்பது சட்டைக்கல்ல, தோலுக்கு. வாழ்நாளெல்லாம் வெயிலில் நின்று வயல் பார்த்தவரைச் சுவருக்கு வரும்போது வெளுக்கச் சொல்கிறார்கள். வெளுத்துக் கொடுத்தால் அடுத்த கருத்துரை: “அவர் மாதிரியே இல்லையே.” இரண்டையும் சொல்வது ஒரே ஆள் என்பதைக் கருத்துரையியல் கவனத்தில் கொள்ளவேண்டும்.

இனி, பெறுவோர் இயல். “சரிங்கண்ணா, பார்த்துடலாம்” என்பதே இங்குள்ள ஒரே வாய்பாடு. விளக்கம் சொல்லத் தொடங்கியவர்கள் ஆர்டரை இழந்தார்கள். ‘கரெக்‌ஷன் இரண்டு முறை மட்டும்’ என்று எழுதி ஒட்டும் கடைகளில் மூன்றாவது கரெக்‌ஷன் உறவுமுறையில் வரும்; மாமா, மச்சான் என்று அழைத்தபின் மறுக்க இயலாது.

பழுத்த ஸ்மட்ஜ்காரர் இதற்கொரு தந்திரம் வைத்திருப்பார். புதுவீட்டில் திருஷ்டிப் பூசணி கட்டுவதுபோல, வேண்டுமென்றே ஒரு குறையைப் படத்தில் விட்டு அனுப்புவார். மீசையின் ஒருமுனை மறுமுனையைவிடச் சற்று மேலே. வாடிக்கையாளர் கண் அதில் விழும். குறை சொன்ன நிறைவு அவருக்குக் கிடைக்கும். அரை நிமிடத்தில் திருத்தி அனுப்பலாம். ராத்திரி வரைந்த முடி தப்பிக்கும். கோட்பாட்டளவில் குற்றமற்ற முறை. நடைமுறையில் வந்த பதில்:

“மீசை சூப்பர் தம்பி, அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். அதைத் தொடாதீங்க. முடியை மட்டும் கொஞ்சம் பாருங்க.”